பட்டுப் பிரிவில் சாக்ஸ்

ஆகஸ்ட் 19, திங்கள்

ஜனவரியில் சூரத் ஏஜென்ட் கொடுத்த டைரி. இத்தனை நாளும் ரேடியோவுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது.

சின்ன முதலாளி என்னைத் தம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "பஞ்சநாதண்ணே, நம்ம சேல்ஸ் ஆளுங்க எப்படி உடுத்தணும்னு ஒரு விதிமுறை எழுதித் தாங்க. உங்களவிட அனுபவஸ்தர் இந்தக் கடையில யாரு இருக்கா?"

அவர் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். அவர் கேட்கிறார், எட்டாம் வகுப்புப் படித்த நான் சொல்கிறேன். அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். நான் மேலே வரவில்லை என்று ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி.

புதுக்கோட்டையிலேயே பெரிய பட்டு மாளிகை எங்களுடையது. மூன்று மாடி. மொட்டை மாடியையும் சேர்த்துச் சொல்கிறேன். அத்தனைக்கும் நான்தான் சூப்பர்வைசர். உடை விஷயத்தில் என் கொள்கை மிகவும் எளிது. விற்பவனின் சட்டை வாங்குபவரின் சட்டையைவிட ஒரு படி மங்கலாக இருக்க வேண்டும். மோதிரம் கூடாது, ஜரிகையில் மாட்டும். சென்ட் கூடாது, புதுப் பட்டின் வாசனையை அது அமுக்கிவிடும். நகம் வெட்டியிருக்க வேண்டும். அதே மாதிரி வருகிறவர்களின் உடையைப் பார்த்தே யார் தீர்மானிப்பவர், யார் கூட வந்தவர், யார் சும்மா ஏசிக்காக வந்தவர் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். முப்பது வருஷத்தில் ஒருதரமும் தப்பியதில்லை.

இன்னொரு நல்ல செய்தி. என் அக்கா மகள் வளர்மதி எங்கள் வீட்டோடுதான் இருக்கிறாள். அவளை வேட்டி துண்டுப் பிரிவிலிருந்து முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டேன். மணப்பெண்ணின் முகத்தையும் மணிக்கட்டையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், இந்த நிறம்தான் என்று எடுத்து வைத்துவிடுவாள். அந்தக் கண் வேட்டிக்கும் துண்டுக்கும் வீணாகிக்கொண்டிருந்தது. சின்ன முதலாளிதான் கொஞ்சம் தயங்கினார்.

"முகூர்த்தப் புடவைய ஒரு சுமங்கலி கையாலதான் வாங்கணும்னு பார்ட்டிங்க நெனைப்பாங்களே அண்ணே. அவங்க வீட்டுக்காரரு?"

"மஸ்கட்ல இருக்கார் சார்" என்றேன். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகவே சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆண்கள் எல்லாரும் டை கட்ட வேண்டும் என்று உத்தரவு. சென்னையில் ஒரு வெள்ளைக்காரருக்கே கட்டிவிட்டவன் நான் என்று சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய் அரை மணி நேரம் போராடினேன். முடிச்சு இட்லி அளவுக்கு வந்தது.

பத்தரை மணிக்கு ஓர் அம்மாளுக்குப் புடவையை விரித்துக் காட்டக் குனிந்தேன். மடியிலிருந்த குழந்தை டையை எட்டிப் பிடித்துக்கொண்டது. குனிந்தவன் நிமிர முடியவில்லை. அப்படியே நின்றபடி நாலு புடவை விற்றேன். பில்லில் இரண்டு என்று இருக்கிறது, அது பில் போட்டவரின் கருத்து. சாயங்காலம் டை வாபஸ்.

பெண்களுக்கு ஒரே மாதிரி யூனிஃபார்ம் புடவை, பச்சையில் மஞ்சள் கரை. அதிலும் ஒரு தொல்லை. வருகிற பாதிப் பேர் அலமாரியில் இருப்பதை விட்டுவிட்டு, "நீங்க கட்டியிருக்கீங்களே, இது என்ன வெல?" என்று கேட்கிறார்கள். இது விற்பனைக்கு இல்லை என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சம்பங்கி மாலை ஒன்று வாங்கினேன், சின்னதாக. வளர்மதியின் வீட்டுக்காரன் குணசேகரன் படத்துக்கு. படம் பீரோவுக்குள் பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது. கடை ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தெரிய வேண்டாம் என்று நான்தான் கழற்றி உள்ளே வைத்தேன். மஸ்கட்டில் இருப்பவனுக்கு மாலை எதற்கு என்று கேட்பார்கள் அல்லவா?

மாலை போட்ட பிறகு பீரோ கதவு சரியாகச் சாத்தவில்லை. தள்ளிச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

எங்கள் பட்டுப் பிரிவு பழைய முறை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் வாடிக்கையாளர் உட்காருவார்கள். விற்பவர் நின்றுகொண்டு அலமாரியிலிருந்து எடுத்து வீசி விரிப்பார். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேரே என்ன இருக்கும்? விற்பவரின் கால்.

இது என் மூளைக்கு இன்றுதான் எட்டியது. திருமயத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் புடவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வளர்மதியின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கால்ல மெட்டியக் காணோம்?"

வளர்மதி கையில் புடவையோடு அப்படியே நின்றாள். நான் அந்தக் கோடியிலிருந்து ஓடினேன்.

"வெள்ளி அவளுக்கு ஒத்துக்கலம்மா. வெரல் வீங்கிப் போச்சு. வீட்டுக்காரர் மஸ்கட்லேருந்து தங்கத்துலயே செஞ்சு அனுப்புறேன்னுருக்கார்."

"தங்கத்தப் போயி யாராச்சும் கால்ல போடுவாங்களா?"

"மஸ்கட்ல போடுவாங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் பக்கத்தில் நின்ற இன்னொரு சேல்ஸ் பெண் செல்வராணியைக் கூப்பிட்டு, அவள் கையால் ஒரு புடவையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பொட்டும் பூவும் வளர்மதி எப்போதும் போல வைத்துக்கொள்கிறாள். அதை விடச் சொன்ன உறவுக்காரர்களுக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். கழுத்தில் ஒரு சங்கிலி கிடக்கிறது, அதை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. மெட்டியை மட்டும் அன்றைக்குக் கழற்றியதுதான், திரும்பப் போடவில்லை. போட்டுக்கொள் என்று நானும் எப்படிச் சொல்வது?

குணசேகரன் போன வருஷம் சித்திரையில் போய்ச் சேர்ந்தான். மஸ்கட்டுக்கு அல்ல. பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சு வலி என்றார்கள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

விதிமுறைக்கு அருமையான ஒரு யோசனை கிடைத்தது. பாரிஸில் பட்டு விற்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்களாம்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று முதல் பட்டுப் பிரிவில் அனைவருக்கும் சாக்ஸ். சந்தன நிறம். கால் மெட்டி ஜரிகையில் மாட்டி இழை பிரிகிறது, வாடிக்கையாளர் கண்ணெதிரே வெறுங்கால் இருப்பது மரியாதை அல்ல என்று இரண்டு காரணம் எழுதிக் கொடுத்தேன். "ஹைஜீன்! சூப்பர் அண்ணே" என்றார் சின்ன முதலாளி.

செல்வராணிதான் சண்டைக்கு வந்தாள். அவளுக்கு வாய் மட்டும்தான் நீளம், மனசு பஞ்சு.

"எங்க வீட்டுக்காரரு போன மாசந்தாண்ணே புது மெட்டி வாங்கிக் குடுத்தாரு. நாலு பேரு பாக்கத்தான போட்டுருக்கேன்? இப்ப அத சாக்ஸுக்குள்ள வச்சுப் பூட்டிக்கவா?"

"ஜரிகையில மாட்டுது செல்வராணி."

"இத்தன வருசமா மாட்டாத ஜரிகை இன்னிக்கி எங்கேருந்துண்ணே வந்து மாட்டுது?"

"காலம் மாறிப்போச்சு."

"அப்ப நீங்களும் போடுங்க."

போட்டேன். சூப்பர்வைசர் என்றால் முன்மாதிரியாக இருக்க வேண்டும். வெள்ளை விரிப்பில் சாக்ஸ் வழுக்குகிறது. மத்தியானத்துக்குள் செல்வராணி இரண்டு தடவை, நான் ஒரு தடவை. என்னுடையதை விழுந்தது என்று சொல்ல முடியாது, உட்கார்ந்தேன்.

வளர்மதி சாக்ஸைக் கையில் வாங்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், போட்டுக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் சொன்னாள். "என் ஒருத்தி காலுக்காக எல்லாரையும் சாக்ஸ் போட வச்சுட்டீங்களே மாமா."

"இது விற்பனை நுணுக்கம், உனக்குப் புரியாது" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சாக்ஸ் துவைத்தேன். காயவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. அவல், பொரி, களிமண் பிள்ளையாருக்குக் குடை எல்லாம் வாங்கியாகிவிட்டது.

போன வாரம் பெரிய முதலாளி, அதாவது சின்ன முதலாளியின் அப்பா, கல்லாவில் உட்கார்ந்தபடி, "பஞ்சநாதா, வளர்மதி வீட்டுக்காரரு மஸ்கட்லயாமே? அங்க பேரீச்சம்பழம் நல்லாருக்குமே" என்றார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் அரைக் கிலோ வாங்கி, ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். "ஆகா, இதுல்ல பழம்! நம்ம ஊர்லயும் விக்கிறானே, சக்கை" என்றார்.

அதிலிருந்து குணசேகரனுக்கு ஏறுமுகம்தான். போன வாரம் டிரைவராக இருந்தவன் இந்த வாரம் மேற்பார்வையாளன். வாடகை வீடு சொந்த வீடாயிற்று. அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். செல்வராணியின் தம்பிக்கு விசா வேண்டுமாம். "பார்க்கலாம், அவர் பிஸி" என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சின்ன முதலாளிக்குத் தீபாவளி விளம்பரத்துக்கு ஒரு யோசனை. வளர்மதி புதுப் புடவை கட்டி வீடியோ காலில் காட்டுகிறாள். அந்தப் பக்கம் மஸ்கட்டில் அவள் வீட்டுக்காரர் பார்த்து அசந்து போகிறார். "நிஜ ஜோடி அண்ணே. நடிகருங்களே வேணாம். அவர் நம்பர் குடுங்க, நானே பேசுறேன்."

வீட்டில் வளர்மதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"உசுரோட இருக்கையில அவரு இவ்வளவு சம்பாதிச்சதில்ல மாமா. இப்பத்தான் கடல் தெரியிற வீடெல்லாம் வாங்கிருக்காரு."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். வேண்டாம்னா ஒரு வழி இருக்கு. அங்கேயே அவருக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு..."

அவள் கை நின்றது.

"அப்ப நான் இன்னொரு தடவ அழணுமா? கடை ஆளுங்க பூரா வந்து உக்காருவாங்க. அவங்க முன்னாடி அழுது காட்டணும். என்னால ஆகாது மாமா."

நானும் ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கீரையில் குச்சி நிறைய.

"உண்மையச் சொன்னா வேட்டி துண்டுக்கே திருப்பி அனுப்பிருவாங்கடி."

"தெரியும். எனக்கும் அந்த எடம் வேணுந்தான் மாமா. பட்டக் கையில எடுத்தாத்தான் எனக்கு நேரம் போகுது. ஆனா தெனம் காலைல கடைக்குள்ள நுழையிறப்ப அவரு உசுரோட இருக்காரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பீரோக்குள்ள இருக்காரு. எனக்குத் தல சுத்துது."

இதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. அடுப்பில் பருப்பு கருகிவிடும் என்று அவள் எழுந்து போய்விட்டதால் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஐப்பசிக் கல்யாணக்காரர்கள் புரட்டாசி பிறப்பதற்குள் பட்டு எடுத்துவிட வேண்டும் என்று முட்டி மோதுகிறார்கள். அறந்தாங்கியிலிருந்து ஒரு வேன் வந்தது.

வாசலிலேயே கணித்துவிட்டேன். பெரிய கரைப் பட்டும் காசு மாலையுமாக முன்னால் வந்தவர் மணப்பெண்ணின் அத்தை, தீர்மானிப்பவர். சுடிதாரில் வந்தது மணப்பெண், நர்ஸாம். கடைசியில் சாம்பல் நிற நூல் புடவை கட்டி, தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஓர் அம்மாள். கூட வந்த வேலைக்காரம்மா. தூணோரத்து ஸ்டூலைக் காட்டினேன், பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார். காபி சொல்லும்போது அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வளர்மதி மணப்பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாந்துளிர் நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். விரிக்கப் போகும் நேரத்தில் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா. கல்யாணப் பட்டு, அதான் கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. நீ மஞ்சக் குங்குமத்தோட இருக்கிறவதான? கால்ல என்னமோ பள்ளிக்கூடப் புள்ள மாதிரி மாட்டியிருக்க, ஒண்ணுந் தெரியல."

"அவ வீட்டுக்காரர் மஸ்கட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா" என்றாள் வளர்மதி. சத்தமே இல்லை. ஆனால் நான் நிறுத்திவிட்டேன்.

மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு சாக்ஸையும் கழற்றினாள். மடித்து வைத்தாள். மெட்டி இருந்த விரலில் இன்னும் வெளுப்பாக ஒரு வளையம் இருக்கிறது.

"அவரு இல்லைங்கம்மா. போன வருசம் சித்திரையில தவறிட்டாரு. செல்வராணி அக்காவ எடுத்துக் காட்டச் சொல்றேன். பொண்ணுக்கு இந்த மாந்துளிர் நல்லாருக்கும், இத மட்டும் பாக்காம விட்டுராதீங்க."

செல்வராணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

"ஊரு வாய்க்குப் பயந்துதாம்மா" என்றார் அத்தை. கெட்ட மனுஷி இல்லை, குரல் இறங்கித்தான் சொன்னார். எல்லாரும் மெத்தையின் அந்தக் கோடிக்கு நகர்ந்தார்கள். செல்வராணி எடுத்து எடுத்துப் போட்டாள். சாக்ஸ் வழுக்கிக்கொண்டே இருந்தது. மணப்பெண் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி அறையிலிருந்து சின்ன முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் வளர்மதியின் சாக்ஸ் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை.

அப்போது தூணோரத்து அம்மாள் எழுந்தார். பாட்டிலையும் பையையும் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்து வளர்மதிக்கு எதிரே மெத்தையில் உட்கார்ந்தார்.

"அந்த மாந்துளிர விரிம்மா."

நான் உதவிக்குப் போனேன். "அம்மா, அது பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு எடுத்து வச்சது..."

"நாந்தான் பொண்ணோட அம்மா" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எனக்கும் அவரு போயி அஞ்சு வருசமாச்சு. மொதல்ல தொட்டுறக் கூடாதுன்னு நானாத்தான் ஓரமா உக்காந்தேன். எம் பொண்ணு புடவைய நானும் ஒரு தடவ பாக்கணும். விரிம்மா."

வளர்மதி விரித்தாள். நான் முப்பது வருஷமாக விரித்திருக்கிறேன், அப்படி ஒரு விரிப்பு வந்ததில்லை. அந்த அம்மாள் உடனே தொடவில்லை. உள்ளங்கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு கரையை மட்டும் தடவினார். பின்னால் வந்து நின்ற மணப்பெண், "இதுதாம்மா. இதுதான் வேணும்" என்றது.

அத்தையும் வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பெருமூச்சு விட்டார்.

"ஏன் அண்ணி, இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? சரி, இருங்க." மெத்தையோரத்துத் தட்டிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்துப் புடவை ஓரத்தில் வைத்தார். "மொதல்ல நான் தொட்டாச்சு, முடிஞ்சுது. இனிமே யாரு வேணாத் தொடுங்க. ஏம்மா, மத்த புடவையெல்லாம் நீயே எடுத்துக் காட்டு. அந்தப் பொண்ணு சறுக்கிச் சறுக்கி விழுகுது, எனக்குப் பயமா இருக்கு."

காபி இன்னும் ஒன்று சொன்னேன். நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

என் கணிப்பு இன்றும் தப்பவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உடை அப்படி இருந்தால் மனிதன் என்ன செய்வான்?

செப்டம்பர் 13, வெள்ளி

கண்ணாடி அறையில் அப்பாவும் மகனும் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"என்னண்ணே மஸ்கட்?" என்றார் சின்ன முதலாளி.

வரும் வழியில் மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன், மூன்றும் பிரமாதமானவை. ஒன்றும் வரவில்லை. கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த பார்ட்டி எந்திரிச்சுப் போயிருந்தா?"

"போயிருப்பாங்க சார். இனிமேலும் சில பேரு போவாங்க."

"அவங்கள வேட்டி துண்டுக்கு மாத்திறலாமா?"

"மாத்தலாம் சார்" என்றேன். "ஆனா அந்த நர்ஸுப் பொண்ணு முகத்தப் பாத்த ஒடனே வளர்மதி எடுத்து வச்சது ஒரே புடவை. செல்வராணி போட்டது ஒரு குவியல். நான் போட்டிருந்தா ரெண்டு குவியல்." இப்படி நான் என்னைக் குறைத்துப் பேசியதைக் கேட்க வேறு யாரும் இல்லாதது நல்லது.

சின்ன முதலாளி பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பெரிய முதலாளிதான் வாயைத் திறந்தார்.

"அப்ப நான் தின்னது யாரு அனுப்பிச்ச பேரீச்சம்பழம்?"

"நம்ம பஸ் ஸ்டாண்டுக் கடைங்கய்யா."

"ருசியா இருந்துச்சேடா." பிறகு மகனிடம், "அந்தப் பொண்ணு அங்கயே நிக்கட்டும். யாராச்சும் கேட்டா மொதப் புடவைய செல்வராணி தொட்டுக் குடுக்கட்டும், பெறகு இது காட்டட்டும்" என்றார்.

இன்று இரண்டு குடும்பம் வந்தது. ஒன்று வளர்மதியின் காலைப் பார்த்துவிட்டுச் செல்வராணியிடம் போயிற்று. ஒன்று உட்கார்ந்தது.

சாக்ஸ் வாபஸ். விதிமுறையின் கடைசியில் நானே ஒன்று சேர்த்து எழுதிக் கொடுத்தேன். தூணோரத்து ஸ்டூலை எடுத்துவிட வேண்டும். "இது டிரஸ் பத்தின விதியாண்ணே?" என்று கேட்டார் சின்ன முதலாளி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் கூடத்துச் சுவரில் ஆணி அடித்தேன், ஒரே அடி. சுவர் பழசாகையால் இரண்டு மூன்று இடத்தில் பெயர்ந்தது. குணசேகரனைப் பீரோவிலிருந்து எடுத்து, துடைத்து, மாட்டினேன். சாய்வாக இருக்கிறது என்றாள் வளர்மதி. இல்லை என்றேன். அவளே ஏறி நேராக்கினாள்.

பதினொரு மணிக்குச் செல்வராணி வந்தாள், ஒரு டப்பா முறுக்கோடு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தவள் படத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் பேசுகிற வாய் அது.

"இவருதான் மஸ்கட்டா?"

வளர்மதி சிரித்துவிட்டாள். செல்வராணியும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முறுக்கை உடைத்துத் தின்றார்கள்.

"இவரப் பத்திச் சொல்லுங்கண்ணே" என்றாள் செல்வராணி.

"மாமா" என்றாள் வளர்மதி. "நடந்தத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். இவர்கள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். குணசேகரன் பட்டறையிலிருந்து நேராக, காக்கிச் சட்டையோடு வந்தான். வாசலில் வாட்ச்மேன் மறித்துவிட்டார், ஆறரை அடி ஆள். மாப்பிள்ளை இவர்தான் என்று சொல்லி உள்ளே கூட்டிவந்து மெத்தையில் உட்கார வைத்தோம். அவன் எழுந்து போய்ப் போய்க் கை கழுவிவிட்டு வந்தான். நகத்தில் கிரீஸ் போகவில்லை. கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கடை பூராவும் விரித்துக் காட்டினோம், ஒன்றையும் தொடவில்லை. மோவாயால்தான் காட்டினான். "அது" என்றான். மாந்துளிர்.

செல்வராணி வளர்மதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாட்ச்மேன் மட்டும் அஞ்சடிதான்க்கா" என்றாள் வளர்மதி. "மத்ததெல்லாம் அப்படியே."